நூறு மீட்டர் என்னும் பாதி உண்மை

போன வருஷம் இன்ஜினியரிங் கவுன்சலிங் நடந்துகொண்டிருந்த சமயம். பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கேபிள் டிவியும் நெட்டும் நடத்தும் என் மாமா மகன் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தான்.

"மச்சான், மூணாவது சுவிட்சையும் மாத்திட்டேன். சாயங்காலம் ஆனா அதுவா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. கடைசி வீட்டுப் பொண்ணு சாய்ஸ் ஃபில்லிங் பண்ணிட்டு இருக்கா. அவங்கப்பா கடை முன்னால வந்து நிக்கிறாரு. நான் என்னன்னு சொல்ல?"

"கேபிள் எவ்வளவு தூரம்?"

"எண்பது மீட்டர். நூறு மீட்டருக்குள்ளதானே இருக்கு? அப்புறம் ஏன்?"

அந்தப் பெண் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பென்னாகரம் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டாள். பெரிய விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த அப்பா அடுத்த மாதமே இணைப்பை எடுத்துவிட்டார். "கேபிள்காரன் கடைசி வீட்டுக்கு மட்டும் லைனைக் குறைச்சுக் குடுக்கறான்" என்று ஊரில் பேச்சும் கிளம்பிவிட்டது. அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. என்ன நடக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அவன் கேட்ட ஒரே கேள்வியைப் பற்றியது. "நூறு மீட்டருக்குள்ளதானே இருக்கு?" நெட்வொர்க் வேலை பார்க்கும் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள், டெண்டரில் எழுதுகிறார்கள், கேபிள் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் புகார்.

பெட்டிக்குள் பார்த்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு போனேன். அமைப்பு எளிமையானது. ஃபைபர் வந்து முடிவது கடையில். அங்கிருந்து ஒரு லேன் கேபிள் தெருக்கோடிக் கம்பம் வரை போகிறது. கம்பத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் எட்டு போர்ட் சுவிட்ச். அதிலிருந்து ஏழு வீடுகள். கம்பத்தில் தனியாகக் கரண்ட் இணைப்பு வாங்க முடியாது என்பதால், கடையிலேயே 12 வோல்ட் அடாப்டரைச் செருகி, லேன் கேபிளில் டேட்டாவுக்குப் பயன்படாத நீலம், பழுப்பு ஜோடிகள் வழியாகக் கரண்டையும் சேர்த்து அனுப்பியிருந்தான். நூறு எம்பி வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். மிச்ச இரண்டு ஜோடி சும்மாதானே கிடக்கிறது? தமிழ்நாடு முழுக்கக் கேபிள்காரர்கள் செய்வதுதான்.

கடையில் அடாப்டர் முனையில் 12 வோல்ட். காலை பதினொரு மணிக்குக் கம்பத்துப் பெட்டியில் 9.9 வோல்ட். சுவிட்ச் ஓடிக்கொண்டிருந்தது, விளக்குகள் எரிந்தன, யாருக்கும் புகார் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வேலை முடிந்து வந்தவர்கள் வீட்டில் ஒவ்வொரு ரவுட்டராக ஆன் ஆக ஆக, மீட்டரில் எண் இறங்கியது. எட்டுக்குச் சற்று மேலே கொஞ்ச நேரம் தள்ளாடியது. ஏழாவது வீடும் சேர்ந்ததும் பொத்தென்று விழுந்தது. சுவிட்ச் அணைந்தது. அணைந்ததும் சுமை இல்லை, அதனால் வோல்டேஜ் மறுபடி 12க்கு ஏறியது. சுவிட்ச் மறுபடி எழுந்தது. மறுபடி விழுந்தது.

மூன்று சுவிட்சும் நல்ல சுவிட்சுகள்தான். குப்பையில் போட்ட இரண்டையும் எடுத்து வரச் சொல்லி கடையிலேயே செருகிப் பார்த்தோம். இரண்டும் ஓடின.

கடைமடைக் கணக்கு

வயலில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மதகுக்குப் பக்கத்து வயலுக்கும் கடைமடை வயலுக்கும் ஒரே வாய்க்கால்தான்; ஆனால் தண்ணீர் ஒன்றில்லை. கம்பியும் வாய்க்கால்தான். செம்புக் கம்பிக்கும் தடை உண்டு. லேன் கேபிளில் இருக்கும் அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி, கிலோமீட்டருக்குச் சுமார் 84 ஓம். இரண்டு ஜோடியைப் பயன்படுத்தும்போது போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பி. ஆக 80 மீட்டர் தூரத்துக்குச் சுற்றுத் தடை 6.7 ஓம். இது முழுச் செம்பு என்றால்.

பிளேடால் கம்பியைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம், கடையில் சி.சி.ஏ. என்று கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டாலும் கொடுப்பார்கள். அதன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 6.7 ஓம் என்பது பத்தரை ஓம் பக்கத்தில் போய்விட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு வோல்டேஜில் ஒரு தடை வழியாக மறுமுனைக்கு அனுப்ப முடிகிற அதிகபட்ச வாட் எவ்வளவு என்பதற்குப் பாடப்புத்தகத்திலேயே விதி இருக்கிறது: வோல்டேஜின் வர்க்கத்தைத் தடையின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 12இன் வர்க்கம் 144. அதை 42ஆல் வகுத்தால் 3.4 வாட். அடாப்டர் எத்தனை பெரிதாக இருந்தாலும் சரி, இந்த வாய்க்காலில் அதற்கு மேல் ஒரு துளி போகாது. பகலில் இரண்டு வாட் கேட்ட சுவிட்ச், எல்லாப் போர்ட்டும் உயிர்பெற்ற மாலையில் மூன்றரை வாட் கேட்டது. அவ்வளவுதான் கதை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சுவிட்சுக்குள் இருக்கும் மின்சுற்று தனக்கு வேண்டிய வாட்டை எப்படியாவது எடுத்துக்கொள்ளும் வகை. வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். ஆம்பியர் கூடினால் கம்பியில் இழப்பு கூடும். வோல்டேஜ் இன்னும் இறங்கும். அது இன்னும் இழுக்கும். லோ வோல்டேஜில் ஓடும் போர் மோட்டார் அதிகமாக இழுத்துக் காயில் கருகுவதைப் பார்த்த விவசாயிக்கு இது புதிதில்லை. தருமபுரி மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறு இல்லாத ஊர் குறைவு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் தோட்டத்து மோட்டார் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். தெரிந்த அதே பாடம் லேன் கேபிளில் வந்து நிற்கும்போது மட்டும் "சைனா சுவிட்ச்" ஆகிவிடுகிறது.

முதல் சுவிட்ச் போனதுமே என் மாமா மகன் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரை எடுத்துவிட்டு 2 ஆம்பியர் போட்டிருந்தான். இதுதான் எல்லோரும் முதலில் செய்யும் வைத்தியம். பலன் பூஜ்யம். 2 ஆம்பியர் என்பது அடாப்டர் எவ்வளவு தர வல்லது என்பது. வழியில் எவ்வளவு தொலைகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய ஏரி வெட்டினால் குறுகிய வாய்க்கால் அகலமாகாது.

இரண்டு எண்களுக்கு நடுவே

சரி, படித்தவர்கள் எழுதிய தரநிலை என்ன சொல்கிறது? லேன் கேபிளில் கரண்ட் அனுப்புவதற்கு ஐ.இ.இ.இ. அமைப்பின் முதல் தரநிலை 2003இல் வந்தது, 802.3ஏ.எஃப் என்று பெயர். டேட்டா ஷீட்களில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள்: கொடுக்கும் முனையில் 15.4 வாட், வாங்கும் முனையில் 12.95 வாட். பெரும்பாலானோர் முதல் எண்ணைப் படித்துவிட்டு இரண்டாவதைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் முக்கியமாகப் படுகிறது.

வித்தியாசம் 2.45 வாட். எங்கே போனது? தரநிலை அனுமதிக்கும் மின்னோட்டம் 350 மில்லி ஆம்பியர். அது ஏற்றுக்கொள்ளும் அதிகபட்சச் சுற்றுத் தடை 20 ஓம். 0.35இன் வர்க்கத்தை 20ஆல் பெருக்கினால் சரியாக 2.45. வோல்டேஜும் அப்படியே: கொடுக்கும் முனையில் குறைந்தது 44, வழியில் 0.35 பெருக்கல் 20, அதாவது 7 வோல்ட் தொலையும். ஆகவே வாங்கும் முனை 37 வோல்ட்டிலும் ஓட வேண்டும். 2009இல் வந்த 802.3ஏ.டி.யிலும் இதே ஒழுங்கு. 30 வாட் கொடுத்தால் 25.5 கிடைக்கும். 600 மில்லி ஆம்பியர், 12.5 ஓம், இழப்பு 4.5 வாட். 50 வோல்ட் போய் 42.5 ஆகும். 2018இல் வந்த 802.3பி.டி.யில் நான்கு ஜோடியையும் பயன்படுத்தி 90 வாட் வரை கொடுக்கிறார்கள்; சேர்வது 71.3.

அதாவது, தரநிலையை எழுதியவர்கள் இழப்பை மறைக்கவில்லை. "வழியில் இவ்வளவு போகும், அதைக் கழித்துத்தான் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்" என்று கொடுக்கல் வாங்கல் பத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள். கொடுப்பவருக்கு ஒரு பொறுப்பு, வாங்குபவருக்கு ஒரு பொறுப்பு, நடுவில் கேபிளுக்கு ஒரு பொறுப்பு. கரண்ட் விடுவதற்கு முன்னால் எதிர்முனையில் 25 கிலோ ஓம் அடையாளத் தடை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடும். நம் தெருவில் ஓடும் "சும்மா செருகு" முறையில் இதில் ஒன்றும் கிடையாது. பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. அங்கே இழப்பு என்பது தலைவிதி.

தரநிலையைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் அது விமர்சனம் ஆகாது. அதற்கும் கண் தெரியாத இடங்கள் உண்டு. அது நினைத்துப் பார்த்த உலகம், ஒரு கட்டடத்துக்குள் ஒழுங்காக இழுத்த நல்ல செம்புக் கேபிள். சித்திரை வெயிலில் தகரக் கூரையோரம் கொதிக்கும் கேபிளைக் கைப்பிடித்துப் பார்த்தவர்கள் எழுதிய தொனி அதில் இல்லை. செம்பு 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் தடை ஏறக்குறைய 16 சதவீதம் கூடும். தரநிலை முழுச் செம்பைக் கேட்கிறது. ஆனால் கடைக்காரர் பெட்டியை அது திறந்து பார்க்காது. ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்சுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கரண்டைச் சங்கிலியாக இழுக்கும் நம் வழக்கத்திலும் கணக்கு உடனே இடிக்கும். 12.95 வாட் வாங்கி உயிர்வாழும் சுவிட்ச் அடுத்தவனுக்கு 15.4 வாட் எங்கிருந்து கொடுக்கும்?

நூறு மீட்டர் எங்கிருந்து வந்தது

நூறு மீட்டர் என்பது டேட்டாவுக்குப் போட்ட எல்லை. சிக்னல் தேய்வது, ஜோடிகளுக்குள் ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கேட்பது, இவற்றையெல்லாம் பார்த்து வைத்த எண். கரண்டுக்கு அது எல்லையே இல்லை. கரண்டின் எல்லை நான்கு விஷயங்களைப் பொறுத்தது: எத்தனை வோல்ட், எத்தனை வாட், என்ன கம்பி, எத்தனை ஜோடி. 12 வோல்ட்டில் 80 மீட்டரே அதிகம். 48 வோல்ட்டில் 80 மீட்டர் ஒன்றுமே இல்லை.

எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நல்ல செம்புக் கேபிள், 80 மீட்டர், 6.7 ஓம், ஆறு வாட் கேட்கும் சுவிட்ச். 12 வோல்ட்டில் ஓடவே ஓடாது, உச்சவரம்பே 5.3 வாட்தான். 24 வோல்ட்டில் 22.2 வோல்ட் போய்ச் சேரும், வழியில் அரை வாட் தொலையும். 48 வோல்ட்டில் 47.1 வோல்ட் சேரும், தொலைவது 0.1 வாட். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் ஆம்பியர் பாதி, இழப்பு கால்வாசி. மேட்டூரில் உற்பத்தியாகும் மின்சாரத்தை உயர் அழுத்தக் கம்பியில் ஏற்றி அனுப்புவதும் இதே காரணத்துக்குத்தான். பக்கத்து ஊர் அணையில் இருக்கும் பாடம் நம் தெருக் கம்பத்துக்கு வர இத்தனை நாள்.

இப்போது சிசிடிவி சுவிட்ச் பெட்டிகளில் "250 மீட்டர்" என்று போட்டிருக்கிறார்கள். அது பொய்யா? முழுப் பொய் இல்லை. ஒரு பட்டனைத் தள்ளினால் வேகத்தைப் பத்து எம்பிக்கு இறக்கி டேட்டாவை அவ்வளவு தூரம் கொண்டுபோகும். கரண்ட்? 250 மீட்டர் நல்ல செம்பு என்றால் சுற்றுத் தடை 21 ஓம். 48 வோல்ட்டில் 12.95 வாட் வாங்கினால் கொடுக்கும் முனை 15 வாட் கொடுக்க வேண்டியிருக்கும், மயிரிழையில் தப்பிக்கும். அதே தூரம் சி.சி.ஏ. என்றால் தடை 32 ஓமைத் தாண்டும், கொடுக்கும் முனை 17 வாட் கொடுக்க நேரும், 15.4இல் அது கையை விரித்துவிடும். பெட்டியின் மேல் "250 மீட்டர்" பெரிய எழுத்தில். "முழுச் செம்பில் மட்டும்" என்பது எங்கும் இல்லை. இரவுப் பார்வை விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் கேமரா அணைந்துபோவதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். திருடன் வரும் நேரமும் அதுதான்.

ஒரு உபாயம் சொல்கிறேன். 305 மீட்டர் பெட்டி வாங்கும்போது மல்டிமீட்டரைக் கையில் எடுத்துப் போங்கள். ஒரு முனையில் ஏதாவது ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் ஓம் பாருங்கள். 51 பக்கத்தில் காட்டினால் முழுச் செம்பு, சரியான தடிமன். 75, 80 காட்டினால் அலுமினியம், அல்லது மெலிந்த கம்பி, அல்லது இரண்டும். கடைக்காரரிடம் சண்டை போடத் தேவையில்லை. மீட்டரைக் காட்டினால் போதும்.

வீடுகளிடம் கரண்ட் வாங்கும் முறை

இதற்கெல்லாம் மாற்றாக இன்னொரு முறை பரவலாக ஓடுகிறது, ரிவர்ஸ் பி.ஓ.இ. என்கிறார்கள். கம்பத்துச் சுவிட்சுக்கு ஆபரேட்டர் கரண்ட் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சந்தாதாரர் வீட்டிலும் ஒரு சின்ன அடாப்டர் வைத்து, அந்த வீட்டு லேன் கேபிள் வழியாகவே கரண்ட் கம்பத்துக்கு ஏறுகிறது. எந்த வீட்டில் கரண்ட் இருந்தாலும் சுவிட்ச் ஓடும். சாமர்த்தியமான யோசனை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சுமை எப்படிப் பங்காகிறது என்று பார்க்க வேண்டும். கம்பத்துக்கு 15 மீட்டரில் ஒரு வீடு, 85 மீட்டரில் ஒரு வீடு. இரண்டிலும் ஒரே வகை அடாப்டர், ஒரே கேபிள் என்று வைத்துக்கொள்வோம். தடை குறைந்த வழியில்தான் கரண்ட் அதிகம் வரும். கிட்டத்து வீடு 85 சதவீதம் சுமக்கும், தூரத்து வீடு 15. ஒருவர் அடாப்டர் அரை வோல்ட் கூடுதலாகக் கொடுத்தால் அவரே மொத்தத்தையும் சுமக்கவும் கூடும். பணமாகப் பார்த்தால் அற்பம். ஆறு வாட் சுவிட்ச் இரண்டு மாத பில்லுக்கு ஒன்பது யூனிட்கூட வராது. என் கேள்வி பணத்தைப் பற்றியது இல்லை. தெருவின் நெட் தன் வீட்டுப் பிளக்கில் தொங்குகிறது என்று அந்தக் கிட்டத்து வீட்டுக்காரரிடம் யாராவது சொன்னார்களா?

நம் மாவட்டத்தில் வேலைக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகாத குடும்பம் குறைவு. கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார்கள், நல்ல பழக்கம். கிட்டத்து வீடு அப்படி அணைந்தால் சுமை முழுதும் தூரத்து வீட்டுக் கேபிளுக்கு மாறும். அங்கே 12 வோல்ட் அடாப்டரும் சி.சி.ஏ. கேபிளும் என்றால் உச்சவரம்பு மூணேகால் வாட். மறுபடி நம் பழைய கதை. "அவங்க பெங்களூர் போனதுக்கும் நம்ம நெட் போனதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாருக்குத் தோன்றும்? பழி மறுபடி கேபிள்காரன் மேல், அல்லது சுவிட்ச் மேல்.

இழப்பை வெளியே எழுதிவைக்காத அமைப்பில், அது கடைசியில் எவர் தலையிலாவது போய் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் கடைசி வீட்டின் தலையில்.

பழைய போன் செய்த காரியம்

கரண்ட் போனாலும் லேண்ட்லைன் பேசும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரிதான் வீட்டுப் போனுக்குக் கரண்ட் கொடுத்தது. அந்தக் கேபிளிலும் அதே அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி உண்டு. நம் லேன் கேபிளில் இருக்கும் அதே தடிமன். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு ஜோடியின் சுற்றுத் தடை 840 ஓம். பேசும்போது 20 மில்லி ஆம்பியர் ஓடினால் வழியில் தொலைவது சுமார் 17 வோல்ட். 48இல் 31 மிச்சம். போன் நிம்மதியாகப் பேசியது.

அதே கம்பியில் அவர்கள் ஐந்து கிலோமீட்டர் போனார்கள். நாம் எண்பது மீட்டரில் விழுந்தோம். வித்தியாசம் கம்பியில் இல்லை. எவ்வளவு ஆம்பியர் ஓடப்போகிறது, எவ்வளவு தொலையும், மீதியில் கருவி ஓடுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டது அவர்கள். இன்றைய லேன் கேபிள் கரண்டின் 48 வோல்ட் அந்தப் பரம்பரைச் சொத்துதான். தொட்டால் ஆளைக் கொல்லாத எல்லைக்குள், முடிந்த அளவு உயரம்.

ஃபைபரில் இந்தச் சொத்தையும் இழந்தோம். கண்ணாடி இழை வெளிச்சத்தைக் கொண்டுவரும், கரண்டைக் கொண்டுவராது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இழுக்கும் வேலை டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. அதைப் பற்றிய பேச்செல்லாம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை எம்பி என்றே போகிறது. நல்லதுதான். ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் வந்து முடியும் இழையிலிருந்து பள்ளிக்கூடம், நூலகம், தெருக்கோடி என்று கடைசி நூறு மீட்டர் பல இடங்களில் செம்பில்தான் ஓடும். எம்பி கணக்கோடு வோல்ட் கணக்கும் அந்தப் பேச்சில் வர வேண்டும்.

எதிர்வாதங்கள்

இதை நண்பர்களிடம் பேசியபோது வந்த எதிர்ப்புகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, "48 வோல்ட் போட்டா பழைய சுவிட்ச் எரிஞ்சு போகும்." உண்மை. 12 வோல்ட் சுவிட்சுக்கு நேராக 48 கொடுக்கக் கூடாது. கம்பத்தில் அதை 12ஆக இறக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டும். சந்தையில் கிடைக்கும் மலிவு இறக்கு மாட்யூல்கள் பல நாற்பது வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். அடையாளத் தடை பார்த்துக் கரண்ட் விடும் இன்ஜெக்டரும் அதற்குப் பொருந்தும் ஸ்ப்ளிட்டரும் என்றால் தவறிப்போய் வேறு கருவியைச் செருகினாலும் ஆபத்தில்லை.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. "கம்பத்துக்குக் கம்பம் செம்பு இழுப்பதே தப்பு. இடி இறங்கினால் ஒரே அடியில் எல்லாம் போகும். வீடு வரை ஃபைபர் கொடு." இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வெட்டவெளியில் நீளமான லேன் கேபிள் இடிக்கு விரித்த வலை. ஃபைபர் வீட்டுக்கு வீடு வந்துவிட்டால் நான் எழுதியதில் பாதி தேவைப்படாது. ஆனால் ஏழு வீட்டுத் தெருவுக்கு முதலீடு செய்ய முடியாத சின்ன ஆபரேட்டர் இன்னும் சில வருஷம் செம்பில்தான் ஓட்டுவான். அந்தச் சில வருஷத்துக்குள் எத்தனை பேருக்குக் கவுன்சலிங், எத்தனை பேருக்குப் பரீட்சை ரிசல்ட்? தற்காலிகம் என்பது கணக்குப் போடாமல் இருக்க அனுமதி ஆகாது.

மூடியில் எழுதியது

நாங்கள் செய்தது இதுதான். கேபிளை மாற்றவில்லை, அதே சி.சி.ஏ.தான், மாற்றப் பணமில்லை. கடையில் 48 வோல்ட் இன்ஜெக்டர், கம்பத்தில் 12ஆக இறக்கும் ஸ்ப்ளிட்டர். இரண்டுக்குமான செலவு, வீணாக வாங்கிய சுவிட்சுகளுக்கானதைவிடக் குறைவு. சாயங்காலம் ஏழு வீடும் ஓடும்போது ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் அளந்தோம். 47 வோல்ட். வழியில் தொலைந்தது ஒரு வோல்ட்டுக்குள்.

மச்சான் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்த மூணு சுவிட்சு?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

இப்போது அவன் ஒரு பழக்கம் வைத்திருக்கிறான். எந்தக் கம்பத்தில் பெட்டி மாட்டினாலும் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் நான்கு விஷயம் எழுதுகிறான்: கேபிள் நீளம், செம்பா அலுமினியமா, கடையில் எத்தனை வோல்ட், எல்லா வீடும் ஓடும்போது இங்கே எத்தனை வோல்ட். நான்காவது வரியை எழுத ராத்திரி எட்டு மணிக்கு ஏணி போட்டு ஏற வேண்டியிருக்கிறது. ஏறுகிறான்.

கடைசி வீட்டுக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை. ஒருநாள் அவரைக் கூட்டிவந்து அந்த மூடியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். கணக்கு அவருக்கும் புரியும். போர் மோட்டார் ஓட்டுகிறவர்தானே.